சஸ்பென்ஸ் கணக்கு

முதலில் கவனித்தது ஓடிபியில்தான். போனில் ஆறு இலக்கம் வரும், ஒரு பார்வை பார்ப்பேன், கணினியில் தட்டுவேன். அதை ஒரு வேலையாகவே நினைத்ததில்லை. ஒரு நாள் காலையில் நாலாவது இலக்கத்தைத் தட்டிவிட்டு விரல் அப்படியே நின்றுவிட்டது. மிச்சம் இரண்டும் காணோம். திரும்பப் போனை எடுத்துப் பார்த்துத் தட்டுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. இன்னொரு எண் வந்தது. இந்தத் தடவை மூன்று மூன்றாகப் பிரித்து வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே அடித்தேன். வேலை முடிந்தது. ஆனால் அந்த முணுமுணுப்பு உறுத்தியது. எண்களை நான் முணுமுணுத்ததே கிடையாது.

இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்கலாம். 33 வருடம் கணக்குப் பிரிவில் இருந்தவள் நான். பற்றும் வரவும் சமமா என்று பார்க்கும் ட்ரையல் பேலன்ஸ் ஒட்டாமல் நிற்கும்போது முதலில் வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார்ப்போம். மீதியில்லாமல் வகுபட்டால், யாரோ பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். 5,846 என்பதை 5,486 என்று பதிந்தால் வித்தியாசம் 360. ஒன்பதால் வகுபடுகிறது. அந்த 360ஐ வைத்துக்கொண்டே, தப்பு நூறாம் இடத்துக்கும் பத்தாம் இடத்துக்கும் நடுவில்தான், அந்த இரண்டு இலக்கங்களுக்கும் வித்தியாசம் நாலு என்று லெட்ஜரைத் திறக்காமலே சொல்லிவிடலாம். சொல்லியிருக்கிறேன், பல தடவை. பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். உண்மையில் அது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆனால் அவர்கள் பார்க்கிற பார்வை நன்றாக இருக்கும்.

அப்படிப் பழகிய தலையில் ஆறு இலக்கம் தங்கவில்லை.

அப்போது எனக்கு 57 வயது. மூன்று வருடம் மிச்சம் இருக்கும்போதே விருப்ப ஓய்வு வாங்கி நாலாவது மாதம். முதல் மூன்று மாதமும் நன்றாகத் தூங்கினேன், அலமாரிகளை ஒழுங்குபடுத்தினேன், பார்க்கிறவர்களிடமெல்லாம் “நிம்மதியா இருக்கேன்” என்று சொன்னேன். நாலாவது மாதம்தான் என்னையே தணிக்கை செய்ய ஆரம்பித்தேன். கையில் நேரம் இருக்கிறது, தணிக்கை செய்ய வேறு எதுவும் இல்லை.

கோடு போட்ட ஒரு நோட்டை எடுத்தேன். மூன்று பத்தி. தேதி, என்ன மறந்தது, எவ்வளவு நேரத்தில் திரும்ப வந்தது. மூன்றாவது பத்தியை ஏன் போட்டேன் என்று தெரியாது, கை பழக்கத்தில் போட்டுவிட்டது. பின்னால் அதுதான் உதவியது. நோட்டின் அட்டையில் எதுவும் எழுதவில்லை. என்ன எழுதுவது? மனதுக்குள் ஒரு வார்த்தை ஓடிக்கொண்டே இருந்தது, எழுதினால் உண்மையாகிவிடுமோ என்று பயம். யாருக்கும் தெரிந்த வார்த்தைதான் அது, அல்சைமர்.

முதல் 30 நாளில் 41 பதிவுகள். இன்று என்ன கிழமை என்று தடுமாறியது 9. ஓர் அறைக்குள் போய், எதற்கு வந்தோம் என்று நின்றது 8. பெயர் வராமல் போனது 11. சொன்னதைத் திரும்பக் கேட்டது, அல்லது “நான் சொன்னேனே” என்று வீட்டுக்காரர் சொல்லியும் எனக்குச் சுத்தமாக நினைவே இல்லாதது 7. இதிலெல்லாம் சேராத உதிரிகள் 6. கூட்டிப் பாருங்கள், 41 வரும்.

அறை விஷயத்தை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அதுதான் மிகச் சுலபமாகக் கழிந்தது. கேப்ரியல் ராட்வான்ஸ்கி என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு நடக்கச் சொல்கிறார்கள், நடுவில் என்ன எடுத்தாய் என்று கேட்கிறார்கள். ஒரே அறைக்குள் நடந்தவர்களைவிட, அதே தூரத்தைக் கதவு தாண்டி நடந்தவர்களுக்கு மறதி கூடுதலாக இருந்தது. கதவைத் தாண்டியதும் மனது ஒரு அத்தியாயத்தை மூடிவிட்டு அடுத்ததைத் திறக்கிறது என்பது அவர்கள் விளக்கம். இதில் எனக்குப் பிடித்தது, அவர்கள் சோதித்தது கல்லூரி மாணவர்களை. இருபது வயதில் நடப்பதை நான் 57இல் பற்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். இருபது வயதில் அறைக்குள் போய் நின்றால் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வருவோம், அவ்வளவுதான். நோட்டில் எழுதமாட்டோம்.

கிழமைக் குழப்பத்துக்கு ஆராய்ச்சி எதுவும் தேவைப்படவில்லை. வேலையில் இருந்தபோது எந்த நாளும் மற்ற நாள் மாதிரி இருக்காது. திங்களுக்கு ஒரு பரபரப்பு, புதனுக்கு ஒரு கூட்டம், வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கே ஒரு தளர்வு. செவ்வாய் மாலை நாலு மணி எப்படி இருக்கும் என்று உடம்புக்குத் தெரியும். அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டால் எல்லா நாளும் ஒரே நீளம், ஒரே வெளிச்சம். இதில் மூளையைக் குறை சொல்லி என்ன பயன்? செவ்வாயும் வெள்ளியும் தோழியோடு நடைப்பயிற்சி, ஞாயிறு சாயங்காலம் தங்கைக்குப் போன் என்று ஆணி அடித்த மாதிரி வைத்துக்கொண்டேன். சரியாகிவிட்டது.

பெயர்கள்தான் பெரிய தலைவலி.

ஒரு காலை ஏழரை மணி. நானும் இவரும் பூங்காவில் நடந்துகொண்டிருக்கிறோம். எதிரில் ஒருவர் வந்து, “மேடம், நல்லா இருக்கீங்களா?” என்றார். பதினொரு வருடம் எனக்கு மூன்று மேசை தள்ளி உட்கார்ந்திருந்தவர். அவரைப் பற்றி எனக்கு என்னதான் தெரியாது? ஏழு எழுதினால் குறுக்கே ஒரு சின்னக் கோடு போடுவார். வவுச்சர்களை ஸ்டேப்ளர் அடிக்கமாட்டார், குண்டூசிதான் குத்துவார், அது என் விரலில் ஏறும். ஒருமுறை லீவு விஷயத்தில் என்னோடு மூன்று நாள் பேசாமல் இருந்தார். மகனுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்தது. எல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது, பெயர் மட்டும் இல்லை. நாலு எழுத்து என்று தெரிகிறது. நடுவில் ஒரு ‘ந’ இருக்கிறது. நுனி நாக்கு வரைக்கும் வந்து, வாயைத் திறந்தால் வேறொருவர் பெயர் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. அது இல்லை என்றும் தெரிகிறது, அதைத் தள்ளவும் முடியவில்லை.

இவர் பக்கத்தில் நின்று, அறிமுகத்துக்காக என் முகத்தைப் பார்க்கிறார். “இவர் எங்க செக்‌ஷன்ல இருந்தவர்” என்று சொல்லி, வாக்கியத்தை அங்கேயே இறக்கி வைத்தேன். அந்த மனிதர் ஒரு நொடி காத்திருந்தார். பிறகு சிரித்துவிட்டு, மகனுக்கு வேலை கிடைத்த கதையைச் சொன்னார். பத்து நிமிடம் பேசினோம். ஒரு வார்த்தை எனக்குள் ஏறவில்லை, ‘ந’வைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ராத்திரி எட்டரை மணிக்குப் பல் தேய்க்கும்போது வந்தது. யாரும் கூப்பிடாமல், தானாக. பிரஷ்ஷும் கையுமாகப் போய் இவரிடம் சொன்னேன். மூன்றாவது பத்தியில் எழுதியது: 13 மணி நேரம்.

டெபோரா பர்க் என்பவரும் சகாக்களும் 1991இல் இந்த நுனி நாக்கு விவகாரத்தை விரிவாக ஆராய்ந்தார்கள். அவர்கள் சொன்னதன் சாரம், அந்த ஆளைப் பற்றிய விவரம் எதுவும் தொலைவதில்லை. விவரத்திலிருந்து ஒலிக்குப் போகிற இணைப்புதான் வயதாக ஆகத் தளர்கிறது. கொஞ்ச நாள் அந்தச் சொல்லைப் புழங்காவிட்டால் இன்னும் தளர்கிறது. எந்த வயதிலும் வரக்கூடியதுதான், வயதானவர்களுக்குக் கூடுதலாக வருகிறது, அதிகம் அடிபடுவது ஆட்களின் பெயர். அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. 1987இல் வந்த ஒரு பரிசோதனையில், முகங்களைக் காட்டி, இவர் பெயர் பேக்கர் என்று சொல்வார்கள், அல்லது இவர் ரொட்டி சுடும் பேக்கர் என்று சொல்வார்கள். ஒரே சொல்தான். தொழிலாகச் சொன்னால் நினைவில் நிற்கிறது, பெயராகச் சொன்னால் நழுவிவிடுகிறது. தொழில் என்றால் அதைச் சுற்றி மாவு, அடுப்பு, வாசனை என்று பத்து வழி இருக்கிறது. பெயருக்கு ஒரே இழை. அது நைந்தால் போச்சு.

இது எனக்கு ஆறுதலாக இருந்தது, ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. நாலு மாதத்துக்கு முன்னால்வரை எனக்கு இப்படி நடந்ததே இல்லையே? ஒரே ராத்திரியில் இழை நைந்துபோகுமா?

நடந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். பின்னோக்கி யோசித்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. அலுவலகத்தில் ஒருவர் என்னைப் பார்க்க வந்தால், அவருக்கு முன்னால் அவர் பெயர் வந்துவிடும். பக்கத்து மேசைப் பெண் தலையைத் திருப்பாமலே, “மேடம், இன்னார் வர்றார், அந்த அரியர்ஸ் கேஸ்” என்று சொல்லிவிடுவாள். மேசைமேல் பெயர்ப்பலகை இருக்கும், மின்னஞ்சலில் பெயர் இருக்கும், கோப்பின் மேலட்டையில் இருக்கும், வருகைப் பதிவேட்டில் தினமும் பார்ப்பேன். பெயரைத் தேடி எடுக்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. பத்து வருடமாகவே எனக்குப் பெயர் வராமல் இருந்திருக்கலாம், நான் கேட்பதற்குள் யாராவது தந்துகொண்டே இருந்திருக்கிறார்கள்.

டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1985இல் இதற்கு ஒரு கோட்பாடே தந்தார். சேர்ந்து வாழ்கிறவர்கள், சேர்ந்து வேலை பார்க்கிறவர்கள் நினைவைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். எல்லாவற்றையும் எல்லோரும் வைத்துக்கொள்வதில்லை, எது யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்கிறார்கள். எங்கள் பிரிவு அப்படியே அச்சு அசலாக இருந்தது. விதிகள் ஒருவரிடம். எந்தக் கோப்பு எந்த அலமாரி என்பது குண்டூசிக்காரரிடம். ஆட்களின் பெயரும் ஜாதகமும் பக்கத்து மேசைப் பெண்ணிடம். எண்கள் என்னிடம். எட்டுப் பேரின் தலையைச் சேர்த்து ஒரு தலை. அதிலிருந்து ஒரு துண்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு, மாலையும் பரிசுமாக வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்த துண்டில் எண்கள் மட்டும்தான் இருந்தன. அவர்களும் கஷ்டப்பட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். முதல் மாதம் இரண்டு போன் வந்தது, “மேடம், அந்த மார்ச் மாச வித்தியாசம் எவ்வளவு?” என்று. டக்கென்று சொன்னேன். பிறகு போன் வரவில்லை. அவர்கள் பழகிக்கொண்டார்கள்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. பிரிட்டனில் அரசு ஊழியர்களை 1985 முதல் தொடர்ந்து பார்த்து வரும் வைட்ஹால் II என்ற ஆய்வு இருக்கிறது. அதிலிருந்து ஓய்வுக்கு முன்னும் பின்னுமாக 3,433 பேரின் தரவுகளை எடுத்து 2018இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சொற்களை நினைவில் வைக்கும் திறன், வேலையில் இருந்த காலத்தைவிட ஓய்வுக்குப் பிறகு 38 சதவீதம் வேகமாகச் சரிந்ததாம். தர்க்கம், சொல் சரளம் போன்றவற்றில் அப்படி இல்லை. பெரிய பதவியில் இருந்தவர்களுக்கு வேலைக்காலத்தில் ஒரு பாதுகாப்பு இருந்ததாம், ஓய்வு பெற்றதும் அதுவும் போய்விட்டதாம். அந்த வரியைப் படித்துவிட்டு நோட்டை மூடி வைத்துவிட்டேன். கோபம் வந்தது. மூன்று வருடம் முன்னதாகவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தவளுக்கு இதை யாரும் அப்போது சொல்லவில்லையே என்று. பிறகு யோசித்தேன், சொல்லியிருந்தாலும் வந்திருப்பேன். அந்த வேலையில் கடைசி இரண்டு வருடம் எப்படிப் போனது என்பது எனக்குத்தான் தெரியும். அதை இங்கே எழுதப்போவதில்லை.

உதிரிகளில் ஒன்றைச் சொல்கிறேன். காரைப் பின்னால் எடுத்து நிறுத்தும்போது பாட்டை அணைக்கிறேன். எப்போது இது ஆரம்பித்தது என்று தெரியாது. இரண்டு கார்களுக்கு நடுவே நுழைக்க வேண்டும் என்றால் கை தானாகப் போய்ச் சத்தத்தைக் குறைக்கிறது. கண்ணாடியில் பார்ப்பதற்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இருக்கிறது. லின் ஹாஷர், ரோஸ் ஜாக்ஸ் இருவரும் 1988இல் சொன்னது இது: வயதாகும்போது குறைவது நினைவுதான் என்று நினைக்கிறோம், வேண்டாததைத் தள்ளி நிறுத்தும் சக்தியும் குறைகிறது. முன்பெல்லாம் பாட்டு வாசலிலேயே நின்றது. இப்போது செருப்போடு உள்ளே வந்துவிடுகிறது. பேச்சிலும் அப்படித்தான். ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து, அதில் வரும் ஆளைப் பற்றி ஒரு கதை, அந்தக் கதையில் வரும் வீட்டைப் பற்றி ஒரு கதை என்று போய்க்கொண்டே இருக்கிறேன். இவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி, இப்ப விஷயத்துக்கு வா” என்பார். இந்தப் பதிவையே இரண்டு தடவை வெட்டிச் சுருக்கியிருக்கிறேன்.

ஐந்தாவது மாதம் டாக்டரிடம் போனேன். இவருக்கு அதில் இஷ்டம் இல்லை. “உனக்கா மறதி? 1998ல நான் சொன்ன ஒரு வார்த்தையை இன்னும் வச்சிக்கிட்டுச் சொல்லிக்காட்டற” என்றார். அது வேறு கணக்கு.

நோட்டைப் பார்த்து டாக்டர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரைப் பிடித்துப்போயிற்று. முழுசாகப் படித்தார். பிறகு மறதியைப் பற்றி ஒன்றும் கேட்காமல் வேறு வேறு கேட்டார். தூக்கம் எப்படி? என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? காது நன்றாகக் கேட்கிறதா? மனசு எப்படி இருக்கிறது? தைராய்டு, பி12 எப்போது பார்த்தீர்கள்? அப்புறம், கூட வந்தவரைக் கொஞ்சம் உள்ளே வரச் சொல்லுங்கள், நீங்கள் வெளியே இருங்கள்.

இந்தக் கடைசிதான் குத்தியது. வெளியே நாற்காலியில் உட்கார்ந்து மூடிய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காரணத்தைப் பிறகு சொன்னார். மறதியைப் பற்றித் தானே கவலைப்பட்டு, தேதி போட்டு எழுதிக்கொண்டு வருகிறவர்களை விட, தனக்கு ஒன்றுமில்லை என்று உட்கார்ந்திருக்க, கூட இருப்பவர்கள் பதறுகிறார்களே, அவர்களைப் பற்றித்தான் அவருக்கு முதலில் கவலை வருமாம். அதனால் இரண்டு பக்கமும் கேட்டாக வேண்டும். இரண்டு பக்கமும் ஒட்டுகிறதா என்று பார்ப்பது. எனக்குப் புரியாத விஷயமா?

உள்ளே இவர் சொன்னது ஒரே புகார்தானாம். எதையும் இரண்டு தடவை கேட்கிறாள்.

மாண்ட்ரியலில் உருவாகி 2005இல் வெளியான ஒரு சோதனையை வைத்தார்கள். மொத்தம் 30 மதிப்பெண், 26 அல்லது அதற்கு மேல் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. கடிகாரம் வரைந்து முள் போட வேண்டும், போட்டேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வேண்டும். 93, 86, 79, 72, 65 என்று அவர் பேனாவை எடுப்பதற்குள் சொல்லி, மேலே போகவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அந்த ஒரு நிமிடம் பழையபடி என் பிரிவில் உட்கார்ந்திருந்தேன். ஆனால் முதலில் சொல்லி வைத்த ஐந்து சொற்களைக் கடைசியில் கேட்டபோது மூன்றுதான் வந்தது. 28. நல்ல எண். என்றாலும் அந்த இரண்டு சொற்களை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தேடினேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஒன்று வந்தது. இன்னொன்று இன்றுவரை வரவில்லை.

வேறு இரண்டு விஷயம் அகப்பட்டது. வருடக்கணக்காகத் தும்மலுக்கு ராத்திரி ஒரு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். குளோர்ஃபெனிரமின், பழைய காலத்து மருந்து, தூக்கமும் வரும் என்பதால் விடவில்லை. அந்த வகை மருந்துகள் மூளையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கும், கவனத்துக்கும் நினைவுக்கும் அது வேண்டும். டாக்டர் வேறு மாத்திரைக்கு மாற்றினார். இரண்டாவது, காது. சோதித்ததில் கீழ்ச்சுருதி நன்றாகக் கேட்கிறது, மேல்சுருதி வரைபடத்தில் படிக்கட்டு மாதிரி இறங்குகிறது. உயிரெழுத்தின் ஓசை கேட்கும், ச, ஸ, ஃப் போன்ற மெல்லிய ஒலிகள் நழுவும். அதனால் பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்பது பாதிதான் பிடிபடுகிறது. மிச்சத்தை மனது ஊகித்து நிரப்புகிறது. அந்த வேலையிலேயே களைத்துப்போனால், கேட்டதைப் பத்திரப்படுத்த என்ன மிச்சம் இருக்கும்? “நான் சொன்னேனே” என்று இவர் சொன்ன பலதும் எனக்குள் வந்து சேரவே இல்லை. பதியாத வவுச்சரை லெட்ஜரில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். டிமென்ஷியா என்ற மறதி நோயைப் பற்றி லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கையில், நம்மால் மாற்றக்கூடிய 14 காரணிகளில் கேட்கும் திறன் குறைவதும் ஒன்று. காதுக்கருவி வைத்துக்கொண்டேன். முதல் வாரம் செய்தித்தாளைப் புரட்டும் சத்தம்கூடக் காதைப் பிய்த்தது. இப்போது அது காதில் இருப்பதே தெரிவதில்லை. சில சமயம் அதை எங்கே வைத்தேன் என்றுதான் தெரிவதில்லை.

மூன்று மாதம் கழித்து மறுபடி 30 நாள் எழுதினேன். கிழமை 1. அறை 8, அது அப்படியே. பெயர் 6. திரும்பக் கேட்டது 2. உதிரி 3. மொத்தம் 20. பாதிக்கு மேல் கழிந்துவிட்டது.

கழியாததைப் பற்றி நேர்மையாக எழுத வேண்டும். வேகம் குறைந்திருக்கிறது. அதற்கு மாத்திரையும் இல்லை, கருவியும் இல்லை. வார்னர் ஷாயி என்பவர் 1956இல் சியாட்டிலில் ஒரு நெடுங்கால ஆய்வைத் தொடங்கினார். ஏழு வருடத்துக்கு ஒருமுறை அதே ஆட்களைத் திரும்பச் சோதிப்பது. சொல்வளம், சொல் நினைவு, தர்க்கம், இட உணர்வு ஆகிய நான்கும் நடுத்தர வயதில் உச்சத்தில் இருந்தன. அந்த வயதிலேயே இறங்கத் தொடங்கியவை இரண்டு. கண்ணால் பார்த்துச் சட்டென்று இனம்காணும் வேகம் ஒன்று. எண் திறன் இன்னொன்று. ஆறில் நான்கு தேறுகிறது, சந்தோஷம். ஆனால் நான் 33 வருடம் சம்பளம் வாங்கியது மிச்ச இரண்டுக்கு.

பேத்திக்கு எட்டு வயது. அட்டைகளைக் கவிழ்த்து வைத்து ஜோடி சேர்க்கும் விளையாட்டை விளையாடுவோம். முன்பெல்லாம் அவளுக்காகத் தோற்பேன். இப்போது நிஜமாகவே தோற்கிறேன். அவள் அட்டையைப் பார்ப்பதே தெரியாது, கை போய்விடும். நான் “இரண்டாவது வரிசை, இடமிருந்து மூன்றாவது, குதிரை” என்று முணுமுணுக்கிறேன். அதைக் கேட்டுக் குதிரையை அவள் எடுத்துவிடுகிறாள். “பாட்டி, மனசுக்குள்ள சொல்லுங்க” என்று அவளே புத்தி சொல்கிறாள். குறுக்கெழுத்துப் போடும்போது மட்டும் அவள் என் பக்கம் வந்து உட்காருகிறாள். சொற்கள் என்னிடம் இருக்கின்றன. கூடிக்கொண்டும் இருக்கின்றன, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

வயது போனால் பக்குவம் வரும் என்று ஆறுதல் சொல்பவர்கள் உண்டு. அதை அப்படியே வரவு வைக்க எனக்கு மனம் வரவில்லை, ஆதாரச் சீட்டு இல்லாத வரவு அது. ஒன்றே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். முன்பு யாராவது ஒரு வார்த்தை சொன்னால் மூன்று நாள் அதையே அரைத்துக்கொண்டிருப்பேன். இப்போது சாயங்காலத்துக்குள் போய்விடுகிறது. அது பக்குவமா, மறதியா? தெரியவில்லை.

இப்படித் தெரியாதவற்றுக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தை ஒதுக்கியிருக்கிறேன். கணக்கில் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. பணம் வந்திருக்கும், யாரிடமிருந்து, எதற்கு என்று தெரியாது. தெரியாததைத் தெரிந்த தலைப்பில் தள்ளிவிடக் கூடாது, தெரியவில்லை என்பதற்காக விட்டுவிடவும் கூடாது. அதற்கு ஒரு தலைப்பு போட்டு அங்கே வைத்திருப்போம், விவரம் கிடைத்ததும் உரிய இடத்துக்கு மாற்றுவோம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதைப் பார்த்தாலே ஆகாது, எப்படியாவது ஏதாவது ஒரு தலைப்பில் அடைத்துக் கணக்கை முடித்துவிடத் துடிப்பார்கள். நான் விடமாட்டேன்.

போன வாரம் அந்தப் பக்கத்தில் ஒரு பதிவு சேர்ந்தது. பூங்காவில் மறுபடி குண்டூசிக்காரர். மறுபடி அதே ‘ந’, அதே வேறொருவர் பெயர் குறுக்கே. ராத்திரி பல் தேய்க்கும்போது வந்தது. ஓடிப்போய் இவரிடம் சொல்லிவிட்டு நோட்டைத் திறந்தேன். ஓய்வு பெற்ற வருடம் நடந்த பழைய பதிவு ஒன்று அங்கே இருக்கும் என்று தெரியும், அதோடு ஒப்பிடலாம் என்று புரட்டினேன். நடுவில் இன்னொன்று இருந்தது. ஐந்து வாரத்துக்கு முந்தைய தேதி. அதே ஆள், அதே பூங்கா, மூன்றாவது பத்தியில் 11 மணி நேரம். என் கையெழுத்து. எழுதிய நினைவு இல்லை. பார்த்த நினைவும் இல்லை.

ஒரே வவுச்சர் இரண்டு தடவை பதிவாகியிருந்தால் ஒன்றை அடித்துவிடலாம். இவரிடம் கேட்டேன்.

“ஆமா, போன மாசமும் பார்த்தோமே. அன்னைக்கும் பிரஷ்ஷோடதான் வந்து நின்ன.”

“நீங்க ஏன் சொல்லல?”

“நீ சந்தோஷமா சொன்ன. எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்.”

கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். பிறகு கடைசிப் பக்கத்தைத் திறந்து இரண்டு தேதிகளையும் பென்சிலால் எழுதினேன். அடுத்த மாதம் டாக்டரைப் பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்தில் ஒரு கிளிப் மாட்டி வைத்திருக்கிறேன். கிளிப் எதற்கு என்று இவரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.